உரியும் பம்பர், வெளுத்த பட்டை: பழைய காரின் வெளி டிரிம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில், கத்ர போர்னில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மாமரம் இருக்கிறது. அதன் அடியில் பம்பர் இல்லாமல் ஒரு காராவது நிற்காத மாதம் அபூர்வம். நான் பெயின்டர் அல்ல. உதிரிபாகக் கடைக் கவுன்டரில் பல ஆண்டுகள் நின்றவன். என் காரில் கெடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொந்தக்காரர்களின் கார்களில் ஒழுங்காகச் செய்கிறேன், அவ்வளவுதான். கல்யாண வீட்டிலும் கோவில் வாசலிலும், காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி சாப்பிடும்போதும்கூட அதே சந்தேகங்களோடு ஆள் வருகிறார்கள். ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் என் சாப்பாடாவது ஆறாமல் இருக்கும் என்று தோன்றியது.

அண்ணா, கார் முழுக்க பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. பம்பரும் பக்கக் கண்ணாடியின் மூடியும் மட்டும் ஏன் உரிகின்றன?

தகட்டின் மேல் இருக்கும் பெயின்டும் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும் பெயின்டும் ஒரே நிறமாக இருக்கலாம். ஒரே வேலை அல்ல. இரும்புத் தகட்டைத் தொழிற்சாலையில் பிரைமர் என்ற அடிப்பூச்சுத் தொட்டியில் முக்கி எடுத்து, அதிகச் சூட்டில் சுட்டு உலர்த்துகிறார்கள். அந்தச் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது என்பதால் அதைத் தனியாக, குறைந்த சூட்டில் பூசுகிறார்கள். மேலும் பம்பர் வளைந்து கொடுக்கும், கல்லடி படும், வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். மொரீஷியஸ் தென் அட்சரேகை 20 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. மேலே பார்த்துக்கொண்டிருக்கும் எந்தப் பரப்பும் அதற்குத் தப்பாது.

உரிவதில் இரண்டு வகை உண்டு. வெங்காயத் தோல் போல வெள்ளையாக, கண்ணாடி போன்ற செதில் வந்து, அடியில் நிறம் அப்படியே இருந்தால் போனது மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் மட்டும். கறுப்பாகவோ சாம்பலாகவோ பிளாஸ்டிக்கே தெரிந்தால் பெயின்ட் அடியோடு பிடி விட்டுவிட்டது. முதல் வகைக்கு ஒரு நாள் வேலை. இரண்டாவதற்கு இரண்டு மூன்று நாள். தொடங்கும் முன் உங்களுடையது எது என்று பாருங்கள்.

என் காரில் எது பிளாஸ்டிக், எது அலுமினியம் என்றே தெரியவில்லையே?

முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாமல், தட்டினால் உலோகச் சத்தம் வந்தால் அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகு. சில வகை எஃகு காந்தத்தில் ஒட்டாது, அதனால் இந்த இரண்டையும் எடையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அலுமினியம் கையில் காற்றாடி போல இருக்கும்.

பிளாஸ்டிக்காக இருந்தால் கழற்றித் திருப்பிப் பாருங்கள். 1990களின் ஜப்பானிய கார்கள் பலவற்றில் உட்புறத்தில் சின்னதாக அச்சு இருக்கும். 'பி' எழுத்து இரண்டு இருந்தால் பாலிப்ரோப்பிலீன். பம்பர்கள் பெரும்பாலும் இதுதான். 'ஏபிஎஸ்' என்றிருந்தால் கடினமான பிளாஸ்டிக்; கிரில், கண்ணாடி மூடி பெரும்பாலும் இது. அச்சே இல்லையா? உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலையில் கத்தியால் ஒரு சிம்பு சீவி, ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்குங்கள். வெறும் பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். பம்பரில் டால்க் தூள் கலந்திருந்தால் பாலிப்ரோப்பிலீனும் மூழ்கிவிடும். ஆகவே மிதந்தால் நம்புங்கள். மூழ்கினால் முடிவு கட்டாதீர்கள்.

உரிந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினால் போதாதா?

போதாது என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. எனவே டேப்பைக் கையில் கொடுத்துவிடுகிறேன். உரிந்த இடத்துக்குப் பக்கத்தில், பார்வைக்கு நன்றாக இருக்கும் பெயின்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்து, சட்டென்று இழுங்கள். என் மைத்துனரின் டொயோட்டா ஸ்டார்லெட் காரில் இப்படி இழுத்தபோது, ஐந்து ரூபாய் நாணய அளவு இருந்த உரிசல் ஒரே இழுப்பில் உள்ளங்கை அளவாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெயின்ட் ஏற்கெனவே பிடியை விட்டிருந்தது. டேப் அதைக் காட்டிக்கொடுத்தது.

டேப்பில் எதுவும் வராத இடம்வரை பழைய பெயின்ட் போக வேண்டும். புதுப் பெயின்டை அந்த பாகத்தின் விளிம்பிலோ மடிப்பிலோதான் முடிக்க வேண்டும், நடுவில் அல்ல. கண்ணாடி மூடி என்றால் முழு மூடி. பம்பர் என்றால் குறைந்தது ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புவரை.

எங்கள் அம்மா கறுப்புப் பம்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். நல்லதா?

அன்று மாலை அழகாக இருக்கும். மறுநாள் கரும்பு லாரிக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் போனால் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். மழை ஒன்று வந்தால் எண்ணெய் கோடு கோடாக இறங்கும். பெட்ரோல் பங்குகளில் விற்கும் பளபளப்பு ஸ்பிரேக்களும் இதன் தம்பிகள்தான். ஒரு வித்தியாசம்: அவற்றில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், பின்னால் பெயின்ட் அடிக்க நினைக்கும் நாளில் உங்களை அழவைக்கும். என்றைக்காவது பூசும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே அதை நிறுத்துங்கள்.

பெயின்டே அடிக்காத, கரடுமுரடான கறுப்பு பிளாஸ்டிக் சாம்பலாக வெளுத்துவிட்டது. அதற்குப் பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், நான் அடிப்பதில்லை. அந்தச் சொரசொரப்பு வார்ப்பிலேயே வந்தது, பெயின்ட் அடித்தால் பாதி மூடிப்போகும். அடுத்த கல்லடியில் பொத்தல் விழும், அதன் பிறகு நீங்களும் பெயின்ட் உரியும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள். சோப்பு நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, முழுக்க உலரவிட்டு, சாயம் போல ஊறிக் காய்ந்து இறுகும் வகை டிரிம் பூச்சைத் துணியால் தேய்ப்பதே நல்லது. துடைத்தால் கையில் ஒட்டாத வகையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஹீட் கன் காட்டினால் கறுப்பு திரும்புகிறதே என்று கேட்பார்கள். திரும்பும். மேல்தோல் உருகி நிறம் ஆழமாகத் தெரியும். சில மாதங்களில் மறுபடியும் வெளுக்கும், அதற்கிடையில் கை ஒரு நொடி தயங்கிய இடத்தில் பளபளவென்று ஒரு தழும்பு நிரந்தரமாக இருக்கும்.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். உடனே உப்புத்தாள் எடுக்கலாமா?

இன்னும் ஒரு படி இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு அழுக்கை எடுக்கும். மெழுகையும் சிலிக்கோனையும் முழுதாக எடுக்காது. அவற்றை எடுக்கும் மெழுகு நீக்கித் திரவம் பெயின்ட் கடையில் தனியாகக் கிடைக்கும். இரண்டு துணி வேண்டும்: ஒன்றால் ஈரமாகத் துடைத்து, அது காய்வதற்குள் மற்றொன்றால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் செய்தால் அழுக்கைத் திரும்ப அதே இடத்தில் பரப்புகிறீர்கள். முதலில் துடைப்பு, பிறகு தேய்ப்பு. இந்த வரிசையை மாற்றினால் உப்புத்தாளே எண்ணெயைக் கீறலுக்குள் அரைத்துவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றுங்கள். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் இன்னும் ஏதோ இருக்கிறது. தகடாகப் பரவி நின்றால் சரி. அதற்குப் பிறகு வெறும் கையால் தொடக்கூடாது; சாப்பிட்டுவிட்டு வந்த கை என்றால் கேட்கவே வேண்டாம்.

தின்னரால் துடைக்கலாமா என்பதும் இதோடு வரும் கேள்வி. ஏபிஎஸ் பிளாஸ்டிக் பலமான தின்னரில் இளகி வெடித்துவிடும். வேண்டாம்.

எந்த எண் உப்புத்தாள்? கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தருகிறார்.

உரிந்த ஓரத்தைச் சரிக்க 240. பிரைமர் காய்ந்த பிறகு அதைச் சமப்படுத்த 400, நிறம் அடிக்கும் முன் 600. மெட்டாலிக் நிறம் என்றால் 600ஐ விட்டுக் கீழே இறங்காதீர்கள், கீறல் வெள்ளிக் கோடாகத் தெரியும். பழைய கிளியர் மேல் புதுக் கிளியர் மட்டும் அடிப்பதாக இருந்தால் 800 அல்லது 1000, தண்ணீர் விட்டு.

இந்த வேலையின் உயிர் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. மைத்துனரின் கண்ணாடி மூடியை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தேன். வெளியே வெள்ளை நிறம், அதற்குள் சாம்பல் வளையமாகப் பிரைமர், நடுவில் கறுப்பு பிளாஸ்டிக். பார்க்க ஒரு தேசப்படத்துத் தீவு போல இருந்தது. தொடக்கத்தில் அந்தச் சாம்பல் வளையம் நூல் அளவுதான். தேய்க்கத் தேய்க்க விரல் அகலத்துக்கு அது விரிய வேண்டும். அப்போதுதான் படி சரிவாகிறது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை வெள்ளையிலிருந்து கறுப்புவரை இழுத்துப் பாருங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் அந்த இடம் பெயின்டுக்குப் பிறகும் வரப்பாகத் தெரியும். எனக்கு அந்த ஒரு மூடிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மைத்துனர் பத்து நிமிடத்தில் ஸ்பிரே டின்னைக் குலுக்க ஆரம்பித்துவிட்டார், பிடுங்கி வைத்தேன்.

தாத்தா காலத்து மோரிஸ் மைனர் போன்ற கார் என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் விட்டே தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

டின்னில் எல்லாப் பரப்புக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. பிளாஸ்டிக் பிரைமர் தனியாக எதற்கு?

பாலிப்ரோப்பிலீனின் மேல் சாதாரண பிரைமர் அமர்ந்திருக்கும், பிடித்திருக்காது. அந்த பிளாஸ்டிக்கின் பரப்பு எதையும் ஒட்டவிடாத இயல்புடையது. நிறமில்லாத மெல்லிய பிளாஸ்டிக் பிரைமர்தான் இடையில் நின்று இரண்டையும் இணைக்கிறது. வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடமெல்லாம் அது லேசாக இரண்டு தடவை வேண்டும். கனமாக அடித்தால் அதுவே பலவீனமாகிவிடும். அதன் மேல் எத்தனை நிமிடத்துக்குள் அடுத்ததை அடிக்க வேண்டும் என்று டின்னில் போட்டிருக்கும், அதை மீறாதீர்கள்.

பம்பரில் பள்ளம் இருந்தால் பிளாஸ்டிக்குக்கான, வளையும் பட்டி வாங்குங்கள். தகட்டுக்குப் போடும் பட்டி பம்பர் வளையும் முதல் நாளிலேயே பிளந்துவிடும்.

வெள்ளை என்றால் வெள்ளைதானே? கடையில் இருக்கும் வெள்ளையை வாங்கிவிட்டேன்.

டொயோட்டாவின் 040 என்ற வெள்ளை வேறு, உங்கள் பிரிட்ஜின் வெள்ளை வேறு. டொயோட்டா என்றால் எஞ்சின் அறையின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் நிற எண் இருக்கும். 040 வெள்ளை, 202 கறுப்பு. மற்ற கார்களிலும் இதே போல ஒரு தகடோ ஸ்டிக்கரோ உண்டு. அந்த எண்ணைச் சொல்லிக் கலந்து வாங்கினாலும், முப்பது ஆண்டு வெயில் பட்ட காரின் நிறம் எண்ணோடு சரியாகப் பொருந்தாது. பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைப் பார்த்துக் கலப்பார்கள்.

கியூர்பீப்பில் இருக்கிறோம். எப்போது பார்த்தாலும் ஈரம். எங்கே, எப்போது அடிப்பது?

உங்கள் ஊரில் கிரியோலில் மாவு மழை என்று சொல்லும் அந்தத் தூறலை நம்பி டின்னைத் திறக்க முடியாது. கழற்றக்கூடிய பாகமாக இருந்தால் கழற்றி, ஈரம் குறைந்த போர்ட் லூயிஸ் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஈரக் காற்றில் அடித்தால் பெயின்டிலிருந்து தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். புயல் பருவமான நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்த வேலைக்கு மோசமான காலம். மே முதல் அக்டோபர் வரை, காலை பத்து மணிக்குப் பிறகு பனி உலர்ந்ததும் தொடங்கி, மாலை மூன்று மணிக்குள் கடைசிக் கோட்டை முடியுங்கள்.

கடலோரத்தில், மாயேபூர் பக்கமோ ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலோ இருப்பவர்களுக்குத் தொல்லை வேறு: காற்றில் உப்பு. தேய்த்து முடித்த பாகத்தை ஒரு இரவு வெளியே விட்டால் உப்பு படிந்துவிடும். மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மெழுகு நீக்கியால் மறுபடி துடைத்துத்தான் அடிக்க வேண்டும்.

என் மாமரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். தேய்ப்பது மட்டும் அதன் கீழே. பூ உதிரும் இடத்தில் யார் பெயின்ட் அடிப்பார்கள்?

ஸ்பிரே அடித்தால் வழிகிறது, அல்லது சொரசொரப்பாகிறது. கை சரியில்லையா?

வழிந்தால் மிக அருகில், சொரசொரத்தால் மிகத் தொலைவில். ஒரு சாண் தூரம் வைத்துக்கொள்ளுங்கள். டின்னை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பாகத்துக்கு வெளியே பொத்தானை அழுத்தத் தொடங்கி, கடந்து சென்று, வெளியே விடுங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழுக் கையும் நகர வேண்டும். முதல் கோட் அடியில் உள்ளது தெரியும் அளவுக்கு மெல்லிய தூவல். அது தொட்டால் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் அடுத்தது. மூன்று மெல்லிய கோட், இடையே பத்துப் பதினைந்து நிமிடம்.

வழிந்துவிட்டால் விரலை வைக்காதீர்கள். முழுக்கக் காயவிட்டு, 600 தாளால் தண்ணீர் விட்டுச் சமப்படுத்தி மறுபடி அடிக்கலாம்.

இரண்டாவது நாள் இன்னொரு கோட் அடித்தேன். முதலை தோல் போலச் சுருங்கிவிட்டது. பெயின்ட் போலியா?

பெயின்ட் நல்லதுதான், நேரம் தவறிவிட்டது. சாதாரண டின் பெயின்ட் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் காலம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் புது கோட்டின் தின்னர் உள்ளே இறங்கி, பாதி காய்ந்த அடுக்கை ஊதவைக்கிறது. டின்னில் 'ஒரு மணி நேரத்துக்குள், அல்லது இத்தனை நாளுக்குப் பிறகு' என்ற மாதிரி எழுதியிருக்கும். அந்த இடைவெளியில் கை வைக்கக்கூடாது. சுருங்கியது சுருங்கியதுதான், ஒரு வாரம் விட்டுத் தேய்த்து எடுத்து, பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

கோட் அடித்ததும் மீன் கண் போலக் குழி குழியாக விழுகிறதே?

தேங்காய் எண்ணெய் கேள்வியில் சொன்ன சிலிக்கோன் இதுதான். மேலே மேலே அடித்தால் குழி மூடாது. காயவைத்து, தேய்த்து, துடைப்பிலிருந்து மறுபடி. பக்கத்து வீட்டுக்காரர் அதே நேரத்தில் தன் டாஷ்போர்டுக்குப் பளபளப்பு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தாரா என்றும் பாருங்கள். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது.

கிளியர் கோட்டில், கடினமாக்கி கலந்து அடிக்கும் 2கே தான் நீடிக்கும் என்கிறார்கள். வீட்டில் அடிக்கலாமா?

நீடிப்பது உண்மை. வெயிலையும் பெட்ரோல் சிந்தலையும் சாதாரண கிளியரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; ஒரு முறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். மூக்கில் துணி கட்டுவதோ தூசி முகமூடியோ எதற்கும் உதவாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடியோடு அடிப்பவரிடம் கொடுங்கள். நான் தேய்ப்பு, பிரைமர், நிறம்வரை வீட்டில் முடித்துவிட்டு, கிளியருக்கு மட்டும் தோலியேயிடம், அதாவது தகடு, பெயின்ட் வேலை செய்பவரிடம் கொண்டுபோகிறேன். பாதிக் காசுதான் ஆகிறது. அவருடைய கிளியரும் உங்கள் நிறமும் ஒத்துப்போகும் வகையா, எத்தனை மணி நேரத்துக்குள் கிளியர் விழ வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண டின்னுக்கும் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், திறந்த இடம் வேண்டும்.

ஜன்னலைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டை உரிந்து வெள்ளி தெரிகிறது. இதற்கும் அதே முறையா?

இங்கேதான் காந்தம், எடைச் சோதனை பயன்படும். துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் எனக்குப் பிடித்த வழி மீதிக் கறுப்பையும் எடுத்துவிட்டுப் பாலிஷ் போடுவது. பழைய காருக்கு வெள்ளிப் பட்டை அழகு. கறுப்பே வேண்டுமென்றால் அதற்கும் அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் தேவை. உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடிக்கும் பிரைமர் அது. பிறகு பாதிப் பளபளப்புக் கறுப்பு. முழுப் பளபளப்பு அடித்தால் சைக்கிள் மட்கார்டு போலத் தெரியும்.

கதவுத் தூணில் இருப்பது பெரும்பாலும் ஒட்டிய கறுப்பு ஃபிலிம். தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி உரித்து, புது ஃபிலிம் ஒட்டுங்கள். பெயின்ட் வேண்டாம்.

பிளாஸ்டிக் கிரில்லின் குரோமியம் உரிகிறது. வெள்ளி ஸ்பிரே அடித்தால்?

பாத்திரத்துக்கு அடிக்கும் அலுமினியப் பூச்சு போல இருக்கும். பிளாஸ்டிக் குரோமியம் என்பது செம்பு, நிக்கல், அதன் மேல் குரோமியம் என்று மின்முலாம் போட்ட அடுக்குகள். ஸ்பிரே அந்த மினுக்கத்தைத் தராது. உரிந்த ஓரத்தை வெறுங்கையால் தடவாதீர்கள், பிளேடு போல அறுக்கும். எனக்கு இடது கட்டை விரலில் அடையாளம் இருக்கிறது. அமிலத்தில் முக்கி எடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பழைய கிரில் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தளர்ந்ததையெல்லாம் எடுத்து, கனமான பிரைமரால் படியை மறைத்து, காரின் நிறத்தையோ கறுப்பையோ அடித்துவிடுங்கள்.

கதவுப் பட்டையைக் கழற்றினால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால் என்ன?

ஓரத்தில் பெயின்ட் பாலம் போலப் படிந்து, டேப்பை எடுக்கும்போது அதுவே முதல் உரிசலாகிவிடும். கழற்றுங்கள். ஒட்டிய பட்டை என்றால் வெயிலில் சூடேறிய பிறகு, மீன் பிடிக்கும் நைலான் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் பசை அறுந்துவிடும். கிளிப் வைத்த பட்டை என்றால் நாலைந்து கிளிப் உடையும் என்று எண்ணிக்கொண்டு புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கழற்றியதும் கிளிப் துளைகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் நின்ற காரில் அங்கேதான் துரு ஒளிந்திருக்கும். பொருக்கைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிய வைத்து, எபாக்சி பிரைமர் தொட்டுவிட்டு, அது காய்ந்த பிறகே பட்டையை மாட்டுங்கள். ஸ்குரூடிரைவர் உள்ளே போகும் அளவுக்குத் தகடு இளகியிருந்தால் பட்டையை மறந்துவிட்டுத் தோலியேயைப் பாருங்கள். வாகனப் பரிசோதனையில் கேட்கப்போவது அந்தத் துருவைத்தான்.

முடித்துவிட்டேன். எப்போது கழுவலாம், எப்போது மெழுகு போடலாம்?

ஒரு வாரம் கழித்துக் கையால், வெறும் தண்ணீரும் மென்மையான துணியும். சாதாரண டின் பெயின்ட் என்றால் மெழுகுக்கு ஒரு மாதம் பொறுங்கள், உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். பீச்சி அடிக்கும் கார் வாஷ் மிஷினை பூசிய ஓரத்துக்கு நேராகக் காட்டவே காட்டாதீர்கள், ஆறு மாதம் ஆனாலும். பறவை எச்சம் பட்டால் மட்டும் அன்றைக்கே ஈரத் துணியை மேலே வைத்து ஊறவிட்டு எடுங்கள்.

மாமா, காரை அடுத்த மாதம் விற்கப்போகிறேன். இவ்வளவும் செய்ய வேண்டுமா?

வேண்டாம். தளர்ந்த செதில்களை டேப்பால் எடுத்து, கழுவி, உரிந்தது உரிந்தபடி காட்டி விற்றுவிடுங்கள். அவசரத்தில் அடித்த புதுப் பெயின்டைப் பார்த்தால் வாங்க வருபவர் அடியில் விபத்தை மறைத்திருக்கிறீர்கள் என்று நினைப்பார். கவுன்டரில் நின்ற காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நிறம் கலந்து வைத்த டின் மிச்சம் இருந்தால் அதை மட்டும் காரோடு கொடுத்துவிடுங்கள்.